ஒரு சாண் பித்தளைத் தண்டு

மாதுங்கா,
5 அக்டோபர் 1946, சனிக்கிழமை

இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு,

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் வால்வின் பித்தளைத் தண்டு என்னிடம்தான் இருக்கிறது. தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை யாரும் வருமுன், முதலாளி காலத்தில் எனக்குத் தந்திருந்த மாற்றுச் சாவியால் பாய்லர் ரூமைத் திறந்து நானே கழற்றி எடுத்து வந்தேன். அது இல்லாமல் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாமல் நீங்கள் அடுப்பு மூட்ட மாட்டீர்கள். அதற்காகத்தான் எடுத்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பின்னால் ஆளுக்கொரு கதை சொல்லக் கூடாது. செப்டம்பரில் நடந்த இந்து முஸ்லிம் கலவரத்தில் முதலாளி தோல்ஷாப்பைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார். மூன்று சுண்ணாம்புக் குழிகளிலும் தோல் ஊறிக் கிடந்தது. விட்டால் கூழாகிவிடும். நாற்பது பேரும் சேர்ந்து பூட்டை உடைத்தோம். முதலாளி வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், நாமே வட்டமாக உட்கார்ந்து பேசி வேலையை நடத்துவோம் என்றோம். இதற்கு அரசின்மை என்று பெயர், வேறு தேசங்களில் தொழிலாளிகள் செய்து பார்த்ததுதான் என்று நான் சொன்னேன். மூன்று வாரம் நடந்தது. முதலாளி இருந்தபோது நடந்ததைவிட ஒழுங்காகவே நடந்தது.

பாய்லருக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிய ஆள் நம்மில் நான் ஒருவன்தான். வியாழக்கிழமை அதன் மேல் தட்டில், குழாய்கள் வந்து சேரும் இடத்தில், உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தேன். உப்புப் பூத்தால் கசிகிறது என்று அர்த்தம். எண்பது பவுண்டு அழுத்தத்தில் கசிகிற தட்டு எப்போது கிழியும் என்று எவனாலும் சொல்ல முடியாது. பத்து நாள் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும் என்று அன்றைக்கே வட்டத்தில் சொன்னேன். காரணமும் சொன்னேன். எல்லோரும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, முதலாளியின் ஆள் பதினைந்தாம் தேதி வருகிறான், அதற்குள் குழிகள் காலியாக வேண்டும், அதற்கு வெந்நீர் வேண்டும், ஓட்டுவோம் என்று முடிவு செய்தீர்கள்.

பாய்லருக்கு முன்னால் சொரிமுத்து உட்கார்ந்து கரி போடுகிறான். சுவருக்கு அந்தப்புறம் பத்துப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் செத்த பிறகு 'ஜம்பு சொன்னானே' என்று நீங்கள் சொல்வதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

பத்து நாள் கழித்துத் தண்டைக் கொண்டுவந்து தருகிறேன்.

ஜம்பு


தாராவி,
7 அக்டோபர், திங்கள்

ஜம்பு ஐயர் அவர்களுக்கு,

தோழர் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. உங்களைப் போல வரிசையாக எழுத வராது. மனசில் உள்ளபடி எழுதுகிறேன்.

உங்கள் கடுதாசி இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தண்டு எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. பாய்லர் ரூம் சாவி நாகூர் கனியிடம் இருந்தது. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள். இந்த மாதத்தில், இந்தப் பம்பாயில், ஒரு துலுக்கனை நாற்பது பேர் அப்படிப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனாகவே சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அண்ணே, இதை வேற யாராச்சும் வச்சுக்கிடட்டும்" என்றான். இன்றைக்கு உங்கள் கடுதாசியைச் சத்தமாக வாசித்தேன். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மூன்றாம் குழித் தோல் அழிந்துவிட்டது. கையில் எடுத்தால் நனைந்த காகிதம் மாதிரிப் பிரிகிறது.

நீங்கள் பயந்தது எங்களுக்காக என்று தெரியும். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொரிமுத்து ஒன்று கேட்டான். "நாம பூட்டை ஒடைச்சா திருடன்னு சொன்னது முதலாளி. ஐயரு தண்டைக் களத்திட்டுப் போயி, பத்து நா கழிச்சுத் தாரேங்காரு. பழைய முதலாளியாச்சும் பூட்டிட்டு ஊருக்குப் போனான். இவரு மாதுங்காவுல இருந்தே பூட்டுதாரு. இதுல எது வே புதுக் கொள்கை?"

தண்டை அனுப்பி வையுங்கள். பேசலாம்.

இசக்கிப்பாண்டி


மாதுங்கா,
8 அக்டோபர்

அண்ணாச்சிக்கு,

கனி விஷயம் நான் யோசிக்காதது. தப்பு. அவனிடம் நேரில் சொல்வேன்.

மற்றதில் தப்பில்லை. சொரிமுத்துவுக்குப் பதில் நான் தருகிறேன்.

அரசின்மை என்றால் யாரும் எதையும் செய்யலாம் என்பதல்ல. எங்கள் அப்பாதான் அப்படி நினைக்கிறார். ஆபீஸிலிருந்து வந்ததும், "என்னடா, தோல்ஷாப்புல பார்லிமெண்ட் கலைஞ்சுடுத்தா" என்று தினமும் கேட்கிறார். ஒழுங்கு வேண்டாம் என்று நாம் எப்போதும் சொன்னதில்லை. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவன் சொன்னதைச் செய்ய வேண்டியதில்லை என்கிறோம். அவ்வளவுதான். முதலாளி 'செய்' என்றால் காரணம் கேட்க முடியாது. நான் காரணம் சொன்னேன். நான் கட்டளை போடவில்லை. இரும்பு போட்டது. நீராவிக்கு ஓட்டு கிடையாது, அண்ணாச்சி. நாற்பது பேர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் தட்டு தாங்குகிற அளவுதான் தாங்கும்.

நீங்கள் சயான் ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் கடக்கிறீர்கள். ரயில் வருகிறது என்று ஒருவன் கத்துகிறான். வட்டம் போட்டு உட்கார்ந்து பேசுவீர்களா? அவன் உங்களைப் பிடித்து இழுத்தால் முதலாளித்தனம் என்பீர்களா?

தண்டு வராது. மீதி இரண்டு குழிக்கும் வேறு வழி பாருங்கள்.

ஜம்பு


தாராவி,
9 அக்டோபர்

ஜம்பு ஐயர் அவர்களுக்கு,

ரயில் வருகிறது என்று கத்துகிறவன் கையை நீட்டிக் காட்டுவான். நாங்கள் திரும்பிப் பார்ப்போம். பார்த்துவிட்டு நாங்களே குதிப்போம். நீங்கள் எங்களைத் திரும்பிப் பார்க்க விடவில்லை. கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனீர்கள். இறக்கி விட்டபிறகு ரயில் வந்தது என்கிறீர்கள். வந்திருக்கலாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு வட்டத்தில் நீங்கள் ஒரு மணி நேரம் பேசினீர்கள். பாதி இங்கிலீஷ். ஆறுமுகத்தாய் பின்னால் என்னிடம் சொன்னாள்: "கணக்குச் சொன்னவரு, இந்தா இங்க கைய வச்சுப் பாருன்னு சொல்லியிருந்தா நான் வச்சுப் பாத்திருப்பேன்லா. நம்பு நம்புன்னா எப்படி நம்ப? சாமியாடியும் அப்படித்தான் சொல்லுதான்."

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் வட்டத்தில் இரண்டு விதி வைத்தோம். இரண்டும் உங்கள் வாயில் வந்தவை. ஒருத்தர் 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொன்னால் போதும், அந்தக் காரியம் நடக்காது. மறுபடி பேசலாம், ஆனால் அவர் மனசு மாறும்வரை நடக்காது. அடுத்தது, வட்டத்தைவிட்டு எழுந்து போகிறவர், மிச்சப் பேர் சொல்வதே என் சொல் என்று விட்டுப் போகிறார். இந்த விதியை வைத்துத்தான் பேராச்சி ஒரே ஆளாக ராத்திரி ஷிப்டை நிறுத்தினாள். ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தொன்பது பேர் சரி என்றோம். அவள் முக்காட்டைக்கூட விலக்காமல் 'எனக்குச் சம்மதமில்லை' என்றாள். நின்றது.

வியாழக்கிழமை நீங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. "முட்டாள்களோடு பேச எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். நாங்கள் விதிப்படி, ஜம்புவும் நம்மிடம் விட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாய்லர் அன்றைக்கே நின்றிருக்கும். திருட வேண்டியிருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை? எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

இன்றைக்குக் கூடினோம். வட்டத்தின் பொருளைத் தனியாக எடுத்துப் போனவர் பதினைந்தாம் தேதிவரை கேட்டுக்குள் வரக் கூடாது, வட்டத்தில் அவர் சொல் செல்லாது என்று முடிவு. யாரும் 'சம்மதமில்லை' என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சயானில் ஒரு லேத் பட்டறையில் புதுத் தண்டு கடைந்தாயிற்று. பொருந்துகிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம்.

இசக்கிப்பாண்டி


மாதுங்கா,
10 அக்டோபர், காலை

அண்ணாச்சி,

மூட்டாதீர்கள்.

பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதனுடன் இருக்கிறது. மூலம் உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, மேஜைமேல் வைத்திருக்கிறேன். சர்ட்டிபிகேட் உள்ள ஆள் இல்லாமல், பழுதான பாய்லரை ஓட்டப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். மூட்டுவதில்லை என்று வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்குப் பதில் வராவிட்டால் அவசரத் தபாலில் சேர்ப்பேன். சனிக்கிழமை விடிவதற்குள் சீல் வைக்க ஆள் வரும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுத நேரமில்லை.

ஜம்பு


தாராவி,
10 அக்டோபர், சாயந்தரம்

ஐயருக்கு,

தபாலில் போட்டு விடுங்கள். ஏன் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கிறீர்கள்?

இன்ஸ்பெக்டர் தனியாக வர மாட்டார். போலீஸோடு வருவார். உடைத்த பூட்டு கேட்டிலேயே தொங்குகிறது. நாற்பது பேரையும் ஏற்ற ஒரு வண்டி போதாது, இரண்டு சொல்லி அனுப்புங்கள். பதினைந்தாம் தேதி முதலாளியின் ஆள் வந்து பார்த்துவிட்டு, அவிழ்த்து விட்டால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வான். அதை அவன் வாயால் கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை பேர் இத்தனை நாள் சுண்ணாம்பில் கையை வேக வைத்தோம்.

அரசாங்கம் இல்லாமலே மனுசன் வாழ முடியும் என்று நீங்கள் சொன்னபோது, அந்தக் காலம் வர நூறு வருசம் ஆகும் என்று நினைத்தேன். அதுவரை பொறுமையாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். நம்முடைய முதல் சண்டையிலேயே அரசாங்கத்தைக் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இதைச் சொரிமுத்து கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபால்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இ.


மாதுங்கா,
11 அக்டோபர், வெள்ளி

இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு,

இன்ஸ்பெக்டர் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சொரிமுத்து பார்க்கக் கிழித்தேன். அவன் சொல்லியிருப்பான். சொல்லாததை நான் எழுதுகிறேன்.

அவன் வந்தபோது அப்பாதான் கதவைத் திறந்தார். "யாருடா அது" என்றார். "நாந்தான் சாமி. பாய்லர் வெடிச்சா மொதல்ல போறவன்" என்று சொரிமுத்து சொன்னான். அப்பா உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்தோம். உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம் இருக்கு. அது எங்க இருக்குன்னுதான் தெரியல. மேல உப்புன்னீரு. நீரு போனபெறகு ஏணி போட்டு ஏறிப் பாத்தேன். உப்பு இருந்துச்சு. எங்க வீட்டுப் பானையிலயும் இருக்கு. பானை வெடிக்கலையே."

இத்தனை நாளில் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். தினம் எட்டு மணி நேரம் அந்தப் பாய்லரின் முன்னால் உட்காருகிறவனிடம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 'சம்மதமில்லை' என்று ஏன் சொல்லவில்லை? மறந்ததாக எழுதிவிடலாம் என்று பார்த்தேன். மறக்கவில்லை. வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் பேராச்சியின் சம்மதமில்லைக்கு உள்ள எடைதான் என்னுடையதற்கும். மூன்று வருஷம் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவன், சர்ட்டிபிகேட் வாங்கியவன், அவன் சொல் அதற்கு மேலே நிற்க வேண்டும் என்று நினைத்தேன். விதி வேண்டாம், நான் சொன்னாலே நிற்க வேண்டும் என்று நினைத்தேன். தெரிந்தவன் சொல்வதைக் கேட்பது வேறு, தெரிந்தவன் என்பதற்காக அவனுக்குக் கீழ்ப்படிவது வேறு என்று உங்களுக்கெல்லாம் விளக்கியவன் நான். எனக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது.

இப்போது என் சொல் செல்லாது. சரி. ஆகவே நம்புங்கள் என்று கேட்கவில்லை. ஒரு காரியம் செய்து பாருங்கள். நான் இல்லாமலே செய்யலாம்.

நாளை நெருப்பு மூட்டுமுன் பாய்லரைப் பச்சைத் தண்ணீரால் நிரப்புங்கள். மேல் குழாயைத் திறந்து வைத்து, அதில் தண்ணீர் வழியும்வரை. உள்ளே காற்றே இருக்கக் கூடாது, இது முக்கியம். பிறகு எல்லாக் குழாயையும் மூடி, சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டிவிட்டு, கைப்பம்பால் மெல்ல அழுத்தம் ஏற்றுங்கள். ஓடும்போது அழுத்தம் காட்டும் முள் எண்பதில் நிற்கும். நீங்கள் நூற்றிருபதுவரை கொண்டுபோய் அரைமணி நேரம் நிறுத்துங்கள். ஆவி விரியும், அதனால்தான் வெடிக்கிறது. தண்ணீர் விரியாது. தட்டு கிழிந்தாலும் உங்களுக்குத் துணிதான் நனையும். நாற்பது பேரும் சுற்றி நில்லுங்கள். கையை வைத்துப் பாருங்கள். முள் இறங்கவில்லையென்றால் என் படிப்பு பொய். மூட்டுங்கள். இறங்கினால் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று நீங்களே பார்ப்பீர்கள். முடிந்ததும் கட்டிய கம்பியை அவிழ்க்க மறக்காதீர்கள்.

இதை முதல் நாளே செய்திருக்கலாம். அரைநாள் வேலை. எனக்குப் பொறுமையில்லை.

பழைய தண்டையும் இந்தக் கடிதத்தையும் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன்.

ஜம்பு


தாராவி,
12 அக்டோபர், சனிக்கிழமை

ஜம்புவுக்கு,

கேட்டில் தண்டை வாங்கியது கனி. நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

காலையில் உன் கடுதாசியை வாசித்தேன். எதுக்கு வீண்வேலை என்று நான்கைந்து பேர் முணுமுணுத்தார்கள். சொரிமுத்து எழுந்து, "தண்ணி ஊத்திப் பாக்காம நெருப்பு வைக்க எனக்குச் சம்மதமில்ல" என்றான். முடிந்தது.

நிரப்பவே இரண்டு மணி நேரம். கைப்பம்பை ஆள் மாற்றி ஆள் அடித்தோம். எண்பதில் முள் நின்றது, ஒன்றுமில்லை. சிரிக்க ஆரம்பித்தார்கள். தொண்ணூறு. நூறு. நூற்றைந்தில் முள் நடுங்கி மடமடவென்று இறங்கியது.

எல்லோரும் மேலே பார்த்தோம். ஏணியில் ஆறுமுகத்தாய்தான் நின்றாள். மேல் தட்டில் கையை வைத்து, "காஞ்சு கெடக்கு. உப்பு மட்டுந்தான்" என்றாள். நீ சொன்ன இடத்தில் ஒரு சொட்டு இல்லை, ஜம்பு. ஒவ்வொருத்தராக ஏறித் தொட்டுப் பார்த்தோம்.

தண்ணீர் கீழே இருந்து வந்தது. அடுப்பு வாயை ஒட்டி, சாம்பல் மூடிக் கிடந்த, தகடுகள் சேரும் தையலில், ஒரு முழ நீளத்துக்கு. ஊசி மாதிரிச் சீறி, நேராகச் சொரிமுத்து உட்காருகிற பலகைமேல் அடித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நல்லவேளை, பச்சத்தண்ணி" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் சொன்னபடி மூட்டியிருந்தால் அவன் இல்லை. நீ சொன்னபடி பத்து நாள் நிறுத்தி, மேல் தட்டைச் சரிசெய்துவிட்டு, இனி பயமில்லை என்று நீ சொல்லி மூட்டியிருந்தாலும் அவன் இல்லை. உன்னை நம்பியிருந்தாலும் சாவு, நம்பாவிட்டாலும் சாவு. இதைத்தான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தரும் மற்றவரைக் குறை சொல்லவில்லை.

பாய்லர் இனி இந்த மாதம் ஓடாது. இரண்டு குழித் தோல் மிச்சம் இருக்கிறது. அண்டாக்களை இரவல் வாங்கி விறகு வைத்து வெந்நீர் காய்ச்சுகிறோம். தோல் பதனிடும் பட்டைச் சாறும் அதில்தான். இதை ஒரு வாரம் முன்னாலேயே செய்திருக்கலாம். நீ பாய்லரையே பார்த்தாய், நாங்களும் பாய்லரையே பார்த்தோம். பதினைந்தாம் தேதிக்குள் முடியுமா தெரியவில்லை. கை போதவில்லை.

வட்டத்தில் உன்னைப் பற்றிப் பேசினோம். கேட்டுக்குள் வரக் கூடாது என்ற முடிவை நீக்கிவிட்டோம். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எதிர்பார்க்காதே. ஆள் வேண்டும், அதுதான் காரணம். பாய்லர் ரூமில் உனக்கு வேலையில்லை. தோலைக் கட்டைமேல் விரித்துக் கத்தியால் சதை வழிக்கிற இடத்தில் ஒரு கட்டை காலியாக இருக்கிறது. அங்கே ஆறுமுகத்தாய் சொல்கிறபடிதான் எல்லோரும் செய்கிறார்கள். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். கத்தி பிடிக்கத் தெரியாத ஐயரை வைத்து என்ன செய்ய என்று கேட்டாள். அப்புறம், "வரட்டும், மொதல்ல நாத்தம் பழகட்டும்" என்றாள்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இசக்கிப்பாண்டி


மாதுங்கா,
13 அக்டோபர், ஞாயிறு

அண்ணாச்சிக்கு,

கீழ்த் தையலை நான் பார்க்கவே இல்லை. சாம்பலை அள்ளச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அதை எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தோலில் கை வைத்துவிட்டு இந்த வீட்டுச் சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்றார். வரமாட்டேன் என்றேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன். ஆறுமுகத்தாய் அக்காவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். நான் குறுக்கே கேள்வி கேட்பேன், என் குணம் அது. வாயால் பதில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நிறுத்தி, வழித்துக் காட்டினால் போதும்.

ஜம்பு